பதிவு செய்த இசையை அரூப ஓவியமாக்குவது எப்படி? தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் துடிக்கும் கம்பிகள், பின்னணியில் வானவில். இசையைப் படமாக்க முதன்முதலில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் போய் நிற்பார்கள். தாலாட்டைக் கொடுத்தாலும் அதே படம். ராக் பாட்டைக் கொடுத்தாலும் அதே படம். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், ஆனால் அதில் இசை இல்லை. எனவே தொடங்குமுன் ஓர் அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள்: பாட்டை மாற்றினால் படமும் அடையாளம் தெரியாத அளவுக்கு மாற வேண்டும். கீழே வரும் எல்லா முடிவுகளும் இந்த ஒன்றுக்காகத்தான்.

இங்கே எடுத்துக்கொள்ளும் இலக்கு: நான்கு நிமிடப் பதிவு ஒன்றிலிருந்து, ஏ3 தாளில் அச்சிடத்தக்க ஓர் அசையாப் படம். அசையும் படத்தைப் பற்றிப் பின்னால் சுருக்கமாக வரும்.

கருவிகளும் கோப்பும்

எல்லாமே இலவசமாகக் கிடைப்பவை. ஒலியைப் பார்க்கவும் வெட்டவும் ஆடாசிட்டி. அளவுகளை எடுக்கப் பைதான் மொழியும் அதன் லிப்ரோசா நூலகமும். வரைவதற்குப் பைதானிலேயே பில்லோ என்ற பட நூலகம் போதும். கோடுகளோடு விளையாடிப் பார்க்க விரும்புவோருக்கு, படம் வரையவென்றே உள்ள பிராசஸிங் மொழி வசதியானது. நிரல் எழுதப் பழகாதவர்கள் சோனிக் விஷுவலைசர் என்ற மென்பொருளில் அளவுகளை எடுத்துக் கோப்பாக ஏற்றுமதி செய்து, அதை வைத்துக் கையால் வரையலாம்.

கோப்பு வேவ் அல்லது ஃபிளாக் வடிவில் இருப்பது நல்லது. 128 கேபிபிஎஸ் தரத்தில் சுருக்கிய எம்பி3 கோப்பில் பெரும்பாலும் 16,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி நீக்கப்பட்டிருக்கும். எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் எவ்வளவு ஒலிக்கிறது என்று காட்டும் படமான ஸ்பெக்ட்ரோகிராமில் அந்த இடம் கத்தியால் அறுத்தது போல நேராக வெட்டுப்பட்டுத் தெரியும். அதை வேவாக மாற்றினாலும் போன ஒலி திரும்பி வராது.

லிப்ரோசாவில் எல்லோரும் விழும் பள்ளம் ஒன்று உண்டு. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அது கோப்பைத் திறக்கும்போதே விநாடிக்கு 22,050 மாதிரிகளாக (ஒலியலையை அளந்து எழுதிய எண்களாக) குறைத்து, இடம் வலம் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடும். அதன்பின் அந்த எண்ணில் பாதியான 11,025 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவுமே இருக்காது. சிம்பலின் மினுமினுப்பில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. மூல வேகத்தையே வைத்துக்கொள்ளும்படி திறக்கும் கட்டளையிலேயே குறிப்பிடுங்கள். இனி வரும் கணக்குகள் விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வேகத்துக்கானவை.

தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள வெற்று அமைதியை வெட்டிவிடுங்கள். நடுவில் வரும் அமைதியைத் தொடாதீர்கள். அது இசையின் பகுதி. படத்தில் அது வெறுந்தாளாக வரவேண்டும்.

எதைக் கேட்கப்போகிறீர்கள்?

நிரலைத் தொடுமுன் பாட்டை மூன்று முறை கேளுங்கள். முதல் முறை சத்தம் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பதை மட்டும். இரண்டாவது முறை தாளம். மூன்றாவது முறை சுரமும் குரலின் தன்மையும். பிறகு இந்தப் பாட்டில் உங்களைப் பிடித்து நிறுத்துவது எது என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரிதான் எந்த அளவை எடுப்பது என்று சொல்லும்.

எடுக்கக்கூடிய அளவுகள் ஏராளம்; பயன்படுபவை சில. சத்தத்தின் அளவு, அதாவது ஒவ்வொரு துண்டிலும் உள்ள ஆற்றல். ஒலி எவ்வளவு கூர்மையானது என்று காட்டும் அதிர்வெண் மையம்: பேஸ் கிதாருக்குக் குறைவாகவும் சிம்பலுக்கு மிக அதிகமாகவும் வரும். ஒரு தட்டோ மீட்டலோ தொடங்கும் கணங்கள். பன்னிரண்டு சுரத்தானங்களில் எது எவ்வளவு ஒலிக்கிறது என்று காட்டும் குரோமா. இவற்றில் இரண்டையோ மூன்றையோ எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுங்கள். ஆறு அளவுகளை ஆறு காட்சிக் கூறுகளுக்குக் கட்டினால் படம் குழம்பி, எல்லாப் பாட்டும் ஒரே சாயலுக்கு வந்துவிடும்.

தேர்வில் இன்னொரு கண்ணி. இன்று வெளியாகும் பல பதிவுகள் சத்தத்தை அழுத்திச் சமன் செய்யப்பட்டவை. அவற்றின் அலைவடிவத்தை ஆடாசிட்டியில் திறந்தால் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிமனில் பட்டையாகத் தெரியும். அப்படிப்பட்ட பாட்டில் சத்தத்தை முக்கிய அளவாக எடுத்தால் படமும் தட்டையாகத்தான் வரும். அதிர்வெண் மையத்தையோ தட்டுகளின் நெருக்கத்தையோ எடுங்கள். தனிப் பியானோ, ஒற்றைக் குரல் போன்ற பதிவுகளில் சத்தமே பெரும்பாலும் போதும்.

சாளரமும் தாவலும்

நான்கு நிமிடப் பதிவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மாதிரிகள் உண்டு. அவற்றைச் சிறு துண்டுகளாக எடுத்து, ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண் எவ்வளவு என்று கணக்கிடுகிறோம். துண்டின் நீளம் சாளரம். ஒரு துண்டின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம் வரை உள்ள தூரம் தாவல்.

சாளரம் 2,048 மாதிரிகள் என்றால் சுமார் 46 மில்லி விநாடி; அது 21.5 ஹெர்ட்ஸ் இடைவெளியில் அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டும். தாளத்துக்கு இது நல்ல அளவு. ஆனால் கீழ் சுரங்களுக்குப் போதாது: 110 ஹெர்ட்ஸில் உள்ள சுரத்துக்கும் அதற்கு அடுத்த அரைச்சுரத்துக்கும் இடையே 6.5 ஹெர்ட்ஸ்தான் வித்தியாசம். இரண்டும் ஒரே பெட்டிக்குள் விழுந்து மங்கிய திட்டாக வரும். சாளரத்தை 8,192 ஆக்கினால் 5.4 ஹெர்ட்ஸ் வரை பிரியும், ஆனால் ஒவ்வொரு துண்டும் 186 மில்லி விநாடி நீளும், தட்டுகள் கலங்கிவிடும். இரண்டும் ஒருசேரக் கிடைக்காது. மென்பொருளின் குறை அல்ல இது, அலைகளின் இயல்பே அப்படி.

வழி இருக்கிறது. தாளத்துக்கு ஒரு முறை குறுகிய சாளரத்திலும் சுரத்துக்கு ஒரு முறை நீண்ட சாளரத்திலும் அளந்து, இரண்டையும் தனித்தனி அடுக்காக வரையுங்கள். லிப்ரோசாவில் நீடிக்கும் ஒலியையும் தட்டும் ஒலியையும் பிரிக்கும் வசதி இருக்கிறது. முதலில் பிரித்துவிட்டு அளந்தால் இன்னும் தெளிவாக வரும். சுரத்துக்கு அதைவிடப் பொருத்தமானது நிலைக்யூ (கான்ஸ்டன்ட்-க்யூ) உருமாற்றம் என்ற அளவீட்டு முறை. அது சுரம் ஏற ஏறச் சாளரத்தைக் குறுக்கிக்கொண்டே போகும். 32.7 ஹெர்ட்ஸில் தொடங்கி 84 படிகள் வைத்தால் ஏழு ஸ்தாயி கிடைக்கும். கமகம், குரலின் வழுக்கல், வயலினின் இழுப்பு நிறைந்த இசைக்கு ஸ்தாயிக்கு 12 படி போதாது. வளைவுகள் படிக்கட்டாக உடைந்துவிடும். ஸ்தாயிக்கு 36 அல்லது 60 படி வையுங்கள்.

தாவலைத் தாளின் அகலத்திலிருந்து கணக்கிடுங்கள். ஏ3 தாள் 300 டிபிஐ தெளிவில் 4,961 × 3,508 பிக்சல். ஓரம் விட்டு 4,800 பிக்சல் என்று வைத்தால் 240 விநாடிக்கு ஒரு பிக்சலுக்கு 50 மில்லி விநாடி. அதாவது தாவல் 2,205 மாதிரிகள். அது சாளரத்தைவிட நீளமாகிவிடக் கூடாது. நீளமாகிவிட்டால் துண்டுகளுக்கிடையே விழும் தட்டுகள் தவறிப்போகும். எனவே இங்கே 4,096 சாளரம் சரியாக இருக்கும்.

எண்களைப் பதப்படுத்துவது

அளந்த எண்களை அப்படியே வரைந்தால் பெரும்பாலும் கறுப்புத் தாளில் நாலைந்து வெள்ளைப் புள்ளிகள்தான் மிஞ்சும். காது சத்தத்தை மடக்கை அளவில் உணர்வதால் முதலில் டெசிபலுக்கு மாற்றுங்கள். மிக உரத்த இடத்தை 0 என்று வைத்து, −60 டெசிபலுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள். உயரமும் அப்படியே: அதிர்வெண் அச்சு மடக்கை அளவில் இருக்க வேண்டும். நேர் அளவில் வைத்தால் பாட்டின் முக்கால்வாசி அடியில் ஒடுங்கி, மேலே காலியாகக் கிடக்கும்.

பிறகு எண்களை 0 முதல் 1 வரை விரியுங்கள். மிகக் குறைந்ததையும் மிக அதிகமானதையும் எல்லையாக வைக்காதீர்கள்; ஒரே ஒரு கைதட்டல் மொத்தப் படத்தையும் மங்கடித்துவிடும். 5-ஆம், 98-ஆம் சதமானங்களை (எண்களை ஏறுவரிசையில் அடுக்கினால் நூற்றில் 5-ஆம், 98-ஆம் இடங்களில் வருபவற்றை) எல்லையாக்கி, வெளியே உள்ளதை எல்லையில் நிறுத்துங்கள். இதை முழுப் பாட்டுக்கும் சேர்த்துச் செய்ய வேண்டும், துண்டுதோறும் அல்ல. துண்டுதோறும் செய்தால் கிசுகிசுப்பும் கூச்சலும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும்.

லிப்ரோசாவின் குரோமா சொல்லாமலேயே துண்டுதோறும் சமன் செய்துவிடும். அமைதியான இடத்தில் மைக்கின் இரைச்சல்கூட முழு வண்ணத்தில் ஒளிரும். குரோமா எண்களைச் சத்த அளவால் பெருக்குங்கள். −45 டெசிபலுக்குக் கீழே வந்தால் எதுவும் வரையாமல் விடுங்கள்.

கடைசியாக, நடுக்கத்தைத் தணிக்க வேண்டும். ஏறும்போது வேகமாகவும் இறங்கும்போது மெதுவாகவும் பின்தொடர விடுங்கள்: புதிய எண் பழையதைவிடப் பெரிதென்றால் வித்தியாசத்தில் 0.6 பங்கும், சிறிதென்றால் 0.15 பங்கும் நகர்த்துங்கள். தட்டின் கூர்மை கெடாமல் தேய்வு மட்டும் மென்மையாகும். ஏற்ற இறக்கம் இரண்டுக்கும் ஒரே எண் கொடுத்தால் தாளமும் சேர்ந்து மழுங்கிவிடும்.

வடிவம்: பட்டையா, சுருளா?

இடமிருந்து வலமாகக் காலம் ஓடும் பட்டை எளியது. ஆனால் அது ஸ்பெக்ட்ரோகிராம் போலவே, அளவீட்டுத் தாளாகத் தோன்றும் ஆபத்து உண்டு. ஒற்றை வட்டம் அழகானது. முடிவும் தொடக்கமும் முட்டும் இடத்தில் தையல் தெரியும். தாளம் பிடித்த இசைக்கு எங்கள் பரிந்துரை சுருள்.

காரணம் இது. ஒரு சுற்றுக்கு இத்தனை தாள ஆவர்த்தனம் என்று வைத்துவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் முதல் அடி ஒரே கோணத்தில் விழும். தாளம் மையத்திலிருந்து வெளியே பாயும் ஆரங்களாகத் தானே தெரிய வரும். நிமிடத்துக்கு 120 அடி, ஆவர்த்தனத்துக்கு 4 அடி என்றால் ஓர் ஆவர்த்தனம் 2 விநாடி. சுற்றுக்கு 8 ஆவர்த்தனம், அதாவது 16 விநாடி. 240 விநாடிக்கு 15 சுற்று. சதுரப் படத்தின் பக்கம் 3,508 பிக்சல். வெளி ஆரம் 1,600, உள் ஆரம் 200 என்று வைத்தால் சுற்றுக்கு 93 பிக்சல் இடம். ஒவ்வொரு 50 மில்லி விநாடிக்கும் மையத்திலிருந்து வெளிநோக்கி ஒரு கோடு. அதன் நீளம் சத்தத்துக்கேற்ப 0 முதல் 80 பிக்சல். அதன் நிறம் சுரத்துக்கேற்ப. சுருளின் முதல் ஓவியத்துக்கு இவ்வளவு போதும்.

இதில் என்னென்ன கோளாறு வரும்? கோடுகளின் தடிமனை ஒரே அளவில் வைத்தால் உள்ளே கோடுகள் ஒட்டிக்கொள்ளும், வெளியே இடைவெளி விழும். ஒரு சுற்றில் 320 கோடுகள். உள் விளிம்பில் அவற்றுக்கிடையே 4 பிக்சல்தான், வெளி விளிம்பில் 31 பிக்சல். தடிமனை ஆரத்துக்கு விகிதமாக வையுங்கள், அல்லது கோட்டுக்குப் பதில் ஆப்பு வடிவத் துண்டாக வரையுங்கள்.

தானியங்கித் தாளக் கணிப்பு 120-ஐ 60 என்றோ 240 என்றோ சொல்லிவிடும். காலால் தட்டிப் பார்த்துச் சரி செய்யுங்கள். ஆவர்த்தனத்தின் முதல் அடி எது என்பது அதற்குத் தெரியாது. அதைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். மெட்ரோனோம் இல்லாமல் வாசித்த பதிவில் வேகம் சற்றே ஏறி இறங்கும். விநாடிக் கணக்கில் சுருளைச் சுற்றினால் ஆரங்கள் வளைந்து போகும். நேராக வேண்டுமானால் கண்டுபிடித்த அடிகளின் நேரங்களைக் கொண்டு கோணத்தைக் கணக்கிடுங்கள். வளைந்தே இருக்கட்டும் என்று விடுவதும் உண்டு: வாசித்தவர்கள் எங்கே விறுவிறுத்தார்கள் என்பதை அந்த வளைவே காட்டிக்கொடுக்கும். எங்களுக்குப் பிடித்தது இதுதான்.

மையத்திலிருந்து தொடங்குவதா, வெளியிலிருந்து உள்ளே வருவதா? உச்சம் கடைசியில் வரும் பாட்டுக்கு மையத்திலிருந்து. தேய்ந்து அடங்கும் பாட்டுக்கு வெளியிலிருந்து. தாளமே இல்லாத ஆலாபனை போன்றவற்றுக்குச் சுருளால் பயனில்லை. பட்டையில் சுரத்தின் கோட்டை மட்டும் தொடருங்கள். சத்தத்தை வட்டப் புள்ளியின் அளவாகக் காட்டுவதாக இருந்தால், எண்ணின் வர்க்கமூலத்தை ஆரமாக வையுங்கள். எண்ணையே ஆரமாக்கினால் இரு மடங்கு சத்தம் நான்கு மடங்கு பரப்பாகத் தெரியும்.

நிறம்

ஏழு சுரத்துக்கு ஏழு நிறம் என்ற எண்ணம் பழையது. நியூட்டன் 1704-இல் வெளியிட்ட ஒளியியல் நூலிலேயே நிறமாலையை இசையின் ஸ்தாயியோடு ஒப்பிட்டுப் பகுத்திருக்கிறார். இயற்கையில் அப்படி ஒரு பொருத்தம் கிடையாது. எந்த நிறத்தைக் கொடுப்பது என்பது உங்கள் முடிவு. ஆனால் வரிசைக்கு ஒரு நியாயம் இருக்கலாம்.

பன்னிரண்டு சுரத்தானங்களை வரிசையாக நிறச் சக்கரத்தில் அடுக்கினால், கேட்கும்போது உராயும் பக்கத்துச் சுரங்கள் கிட்டத்தட்ட ஒரே நிறத்தில் வரும். ஸ – ப போல இழைந்து ஒலிப்பவை எதிரெதிரே போய்விடும். இதைத் தலைகீழாக்கும் எளிய கணக்கு: சுரத்தின் எண்ணை 7-ஆல் பெருக்கி, 12-ஆல் வகுத்து, மீதியை 30 பாகையால் பெருக்குங்கள். ஸ 0 என்றால் ப 7; 7 × 7 = 49, மீதி 1, ஆக 30 பாகை. சுத்த மத்யமம் 5. 35-இன் மீதி 11, ஆக 330 பாகை. ஸ-வுக்கு இருபுறமும் பவும் மவும் வந்து உட்கார்ந்துவிடும். ருஷ்ய இசையமைப்பாளர் ஸ்க்ரியாபின் வகுத்த சுர நிறங்களும் இந்த ஐந்தாம் சுர வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் வானவில் போல ஒழுங்குக்கு வருகின்றன. எண்ணிக்கையைப் பாட்டின் சுருதியிலிருந்து தொடங்குங்கள். மென்பொருள் மேற்கத்திய சி-யிலிருந்துதான் எண்ணும், எனவே சுருதிக்கேற்ப நகர்த்த வேண்டும்.

நிறங்களை எச்எஸ்வி முறையில் (நிறம், செறிவு, ஒளிர்வு என மூன்று எண்களால் குறிப்பது) தேர்ந்தெடுக்காதீர்கள். அதில் ஒரே ஒளிர்வு எண் கொடுத்தாலும் மஞ்சள் கண்ணைப் பறிக்கும், நீலம் அமுங்கிப்போகும். அந்தச் சுரம் உரத்து ஒலித்தது போன்ற பொய்த் தோற்றம் வரும். கண் உணரும் விதத்துக்கேற்ப வகுத்த லேப் அல்லது ஓகேஎல்சிஎச் முறையில் ஒளிர்வைச் சமமாக வைக்கலாம். பன்னிரண்டு நிறமும் அவசியமில்லை. இரண்டு நிறமும் தாளின் வெண்மையும் போதும் என்று நிறுத்திய படங்களே சுவரில் நீண்ட நாள் தாங்கும்.

சோதனை

ஆடாசிட்டியின் உருவாக்கும் பட்டியலில் 55 ஹெர்ட்ஸிலிருந்து 3,520 ஹெர்ட்ஸ் வரை மடக்கை அளவில் ஏறும் ஒலியை 12 விநாடிக்குத் தயாரித்து உங்கள் நிரலுக்குக் கொடுங்கள். பட்டை வடிவில் அது நேர்கோடாக ஏற வேண்டும். வளைந்தால் அச்சு தவறு. அடுத்து வெள்ளிரைச்சல், அதாவது எல்லா அதிர்வெண்களும் சமமாகக் கலந்த இரைச்சல். அதைக் கொடுத்தும் படம் அழகாகவே இருந்தால் எச்சரிக்கை: அழகு உங்கள் நிறத்திலிருந்தும் வடிவத்திலிருந்தும் வருகிறது, இசையிலிருந்து அல்ல. பிறகு முற்றிலும் வேறான இரண்டு பாட்டுகள். படங்களைப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் கேட்ட ஒருவரிடம் எது எது என்று கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் அளவுகளைத் தேர்ந்தெடுத்த இடத்துக்குத் திரும்புங்கள். நிறத்தை மாற்றிச் சமாளிக்காதீர்கள்.

கணினியைக் குறைத்துக் கையால்

ஆடாசிட்டியின் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சியை 40 செ.மீ. நீளத்துக்கு அச்சிடுங்கள், நான்கு நிமிடப் பாட்டில் ஒரு சென்டிமீட்டருக்கு 6 விநாடி. அதன்மேல் டிரேசிங் தாளை வைத்து, நீடிக்கும் ஒலிகளை நீர்த்த மையாலும் தட்டுகளை உலர்ந்த தூரிகையாலும் எடுங்கள். தெரிவதையெல்லாம் பின்தொடர வேண்டாம். கேட்டபோது கவனித்ததை மட்டும்.

தகட்டில் மணலைத் தூவி அதிரவைக்கும் கிளாட்னியின் முறை (1787) பலரைக் கவரும். முழுப் பாட்டையும் அதில் ஒலிக்கவிட்டால் மணல் துள்ளிச் சிதறும், உருவம் நிலைக்காது. தகட்டின் ஒத்ததிர்வு எண்களுக்கு அருகில்தான் உருவம் எழும். நீண்டு நிற்கும் ஒற்றைச் சுரங்களுக்கு மட்டும் அது பொருந்தும்.

அசையும் படமாக்க

பாட்டு ஓடும்போதே வரைய முயல வேண்டாம்; கணினி திணறினால் ஃபிரேம்கள் விடுபடும். ஒவ்வொரு ஃபிரேமையும் தனிப் படமாகச் சேமித்து, எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் கொண்டு ஒலியோடு கோத்துவிடுங்கள். விநாடிக்கு 30 ஃபிரேம் என்றால் தாவல் 1,470 மாதிரிகள், நான்கு நிமிடத்துக்கு 7,200 படங்கள். எங்கேனும் 29.97 என்று மாறியிருந்தால் பாட்டின் முடிவில் கால் விநாடி பிசகும். தட்டுக்குத் தட்டு திரை முழுவதும் பளிச்சிடுவதைத் தவிருங்கள். விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் ஒளி வெட்டினால் சிலருக்கு வலிப்பு வரக்கூடும். பிறருடைய பாட்டை ஒலியோடு வெளியிட அனுமதி வேண்டும். பாடலுக்கு ஓர் உரிமை, அந்தப் பதிவுக்கு இன்னோர் உரிமை. இரண்டும் வெவ்வேறு கைகளில் இருக்கலாம்.

அச்சுக்கு அனுப்புமுன்

இரு மடங்கு அளவில், அதாவது 7,016 பிக்சல் பக்கத்தில் வரைந்து பாதியாகக் குறையுங்கள்; கோடுகளின் பல்வரிசை மறையும். மிக மெல்லிய கோடும் கடைசி அளவில் 3 பிக்சலாவது இருக்கட்டும், அது கால் மில்லிமீட்டர். ஜேபெக் வேண்டாம், மெல்லிய கோடுகளைச் சுற்றி அழுக்கு படியும். பிஎன்ஜி அல்லது டிஃப் ஆகச் சேமியுங்கள். திரையில் மின்னும் நீலமும் பச்சையும் அச்சு மையில் மங்கும். முழுத்தாளையும் போடுமுன் ஒரு மூலையை மட்டும் அச்சிட்டுப் பாருங்கள்.

நீளம், தடிமன், ஓரம் எல்லாவற்றையும் பிக்சலில் எழுதாமல் படத்தின் அகலத்துக்கு விகிதமாக எழுதிவையுங்கள். அப்போதுதான் நாளை ஏ2 அளவில் கேட்டாலும் அதே படம் வரும். சாளரம், தாவல், டெசிபல் எல்லை, சதமானங்கள், சுருதி, தற்செயல் எண் பயன்படுத்தியிருந்தால் அதன் விதை எண், இவை அத்தனையும் படத்தின் பெயரிலேயே ஓர் உரைக் கோப்பில் இருக்கட்டும்.